அமெரிக்க உள்நாட்டுப் போர்: யார் எதற்காகச் சண்டை போட்டார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்டித் தேர்வு மாணவர்களுக்கு உலக வரலாறு எடுப்பவன் நான். அமெரிக்க உள்நாட்டுப் போர் வந்தாலே வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். "அடிமைகளை விடுவிக்க லிங்கன் நடத்திய போர்" என்று பள்ளியில் படித்தவர்கள் ஒரு பக்கம். "அதெல்லாம் சும்மா, உண்மைக் காரணமே வேறு" என்று யூட்யூபில் பார்த்துவிட்டு வந்தவர்கள் இன்னொரு பக்கம். ஒவ்வொரு அணியிலும் இதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அதனால் மாணவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே எழுதி வைத்துவிட்டேன்.

சார், யாருக்கும் யாருக்கும் சண்டை? முதலில் அதைச் சொல்லுங்கள்.

1861 முதல் 1865 வரை அமெரிக்காவின் வட மாநிலங்களுக்கும் தென் மாநிலங்களுக்கும் நடந்தது. அன்றைய மக்கள்தொகை சுமார் 3 கோடியே 14 லட்சம். அதில் ஏறக்குறைய 40 லட்சம் பேர் அடிமைகள், பெரும்பாலும் தெற்கில், பருத்திக் காடுகளில். 1860 நவம்பரில் ஆபிரகாம் லிங்கன் அதிபராகத் தேர்வானார். டிசம்பர் 20 அன்று தென் கரோலினா நாட்டைவிட்டு விலகியது. லிங்கன் பதவியேற்கும் முன்பே ஏழு மாநிலங்கள் போய்விட்டன.

1861 ஏப்ரல் 12 அன்று தெற்குப் படை, தென் கரோலினாவில் அமெரிக்க அரசின் கையிலிருந்த சம்டர் கோட்டையின் மேல் பீரங்கியால் சுட்டது. அதற்குப் பிறகு இன்னும் நான்கு மாநிலங்கள் சேர்ந்து, மொத்தம் பதினொன்று. இவற்றைக் கீழே "கூட்டமைப்பு" என்கிறேன். எதிர்த்தரப்பு, அதாவது பழைய அமெரிக்க அரசு, "ஒன்றியம்". இந்தச் சொல்லைக் கேட்டதும் நம் ஊர் அரசியலுக்குத் தாவிவிடாதீர்கள். அவர்களுக்கு அது பிரியாத நாடு என்ற பொருளில் உணர்ச்சிகரமான சொல்.

இறந்தவர்கள் 6,20,000 பேர் என்பது பழைய கணக்கு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துப் பின்னால் செய்த மதிப்பீடு ஏழரை லட்சம் என்கிறது.

லிங்கன் அடிமைகளை விடுவிக்கத்தானே போருக்குப் போனார்?

இல்லை. அவர் கட்சி 1860 தேர்தலில் சொன்னது, அடிமை முறை புதிய பகுதிகளுக்குப் பரவக் கூடாது என்பதுதான். இருக்கிற இடத்தில் அதைத் தொடமாட்டோம் என்றும் சொன்னார்கள். பதவியேற்பு உரையிலும் லிங்கன் இதையே திரும்பச் சொன்னார். 1861 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றமே, இந்தப் போர் ஒன்றியத்தைக் காக்கத்தான், மாநிலங்களின் ஏற்பாடுகளைக் கவிழ்க்க அல்ல என்று தீர்மானம் போட்டது.

ஆக, தொடக்கத்தில் வடக்கின் நோக்கம் நாடு உடையக் கூடாது என்பது. ஆனால் "வடக்கு அடிமை ஒழிப்புக்காகப் போகவில்லை, எனவே போரே அடிமை முறையைப் பற்றியது அல்ல" என்று ஒரு தாவு தாவுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் தப்பு. வீட்டில் ஒருவர் பாகம் பிரிக்கக் கிளம்புகிறார், இன்னொருவர் பிரியவிடமாட்டேன் என்று மறிக்கிறார். மறித்தவரின் காரணத்தை மட்டும் கேட்டுவிட்டு, பிரியக் கிளம்பியவர் ஏன் கிளம்பினார் என்று கேட்காமல் வந்தால் எப்படி?

சரி, தெற்கு ஏன் பிரிந்தது? மாநில உரிமைக்காகத்தானே?

மாநில உரிமை என்றாலே நமக்கு ஒரு பரிவு வந்துவிடுகிறது. மாநில சுயாட்சி பேசியே வளர்ந்தவர்கள் நாம். அதனால் தமிழ் மாணவர்கள் இந்த இடத்தில் சட்டென்று தெற்கின் பக்கம் சாய்வதைப் பார்த்திருக்கிறேன். நான் கேட்பது ஒரே கேள்வி: மாநிலத்துக்கு எதைச் செய்யும் உரிமை?

அதற்கான பதிலை அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். விலகியபோது நான்கு மாநிலங்கள் தங்கள் காரணங்களை விரிவான அறிக்கையாக வெளியிட்டன. மிசிசிப்பி எடுத்த எடுப்பிலேயே, தன் நிலைப்பாடு அடிமை முறையோடு முழுக்கப் பிணைந்தது என்கிறது. தென் கரோலினாவின் அறிக்கை இன்னும் சுவாரஸ்யம். அதன் முக்கியப் புகார், தப்பி ஓடிவரும் அடிமைகளைப் பிடித்துக் கொடுக்க வட மாநிலங்கள் மறுக்கின்றன என்பது. நியூயார்க் நீதிமன்றங்கள், அடிமையோடு அந்த மாநிலத்தைக் கடந்து போகவும்கூட விடுவதில்லை என்பது இன்னொன்று. இதில் மாநில உரிமையைப் பயன்படுத்தியது யார்? நியூயார்க். எரிச்சல்பட்டது தென் கரோலினா. 1850இல் வந்த தப்பியோடிய அடிமைகள் சட்டம் முழுக்க முழுக்க மத்திய அரசின் அதிகாரம். அதைக் கேட்டு வாங்கியது தெற்குதான்.

கூட்டமைப்பின் அரசியல் சாசனத்தையும் பாருங்கள். அடிமைகளைச் சொத்தாக வைத்திருக்கும் உரிமையைக் குறைக்கும் எந்தச் சட்டமும் போடக் கூடாது என்று தங்கள் நாடாளுமன்றத்தின் கையைக் கட்டினார்கள். புதிதாகச் சேரும் பகுதிகளில் அடிமை முறை உண்டு என்றும் எழுதினார்கள். துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீஃபன்ஸ் 1861 மார்ச் 21 அன்று சவானா நகரில் பேசினார். கறுப்பர் வெள்ளையருக்குச் சமமல்ல என்பதே எங்கள் புதிய அரசின் மூலைக்கல் என்றார். வாய் தவறி வந்த பேச்சு அல்ல, கைதட்டலுக்கு நடுவே வந்தது.

வரிதான் காரணம் என்கிறார்களே? வடக்கு போட்ட இறக்குமதி வரியில் தெற்கு நொந்துபோனதாமே?

தேதியைப் பார்த்தாலே போதும். சுங்க வரியை உயர்த்திய மோரில் சட்டத்தில் கையெழுத்தானது 1861 மார்ச் 2. அதற்குள் ஏழு மாநிலங்கள் போயாகிவிட்டது. தென் மாநில செனட்டர்கள் எழுந்து போனதால்தான் அந்தச் சட்டமே நிறைவேறியது. அதுவரை நடப்பில் இருந்தது 1857ஆம் ஆண்டின் குறைந்த வரி. தெற்குக்குப் பிடித்த வரி அது. வரித் தகராறு 1830களில் நிஜமாகவே இருந்தது. 1860இல் அது பழங்கதை.

தெற்கில் பெரும்பாலான வெள்ளைக்காரர்களிடம் அடிமையே இல்லை. அப்புறம் அந்த ஏழைகள் எதற்குச் செத்தார்கள்?

நல்ல கேள்வி. கூட்டமைப்பு மாநிலங்களில் அடிமை வைத்திருந்த வெள்ளைக் குடும்பங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மிசிசிப்பியிலும் தென் கரோலினாவிலும் கிட்டத்தட்டப் பாதி. நாம் நினைப்பதைவிட அதிகம்தான், ஆனாலும் மீதிப்பேர் இருக்கிறார்களே.

அந்த மீதிப்பேரில் பலர், நாளைக்கு நாலு காசு சேர்ந்தால் நாமும் ஒரு அடிமை வாங்கலாம் என்று இருந்தவர்கள். வாங்கவே முடியாதவருக்கும் ஒன்று மிச்சமிருந்தது: எவ்வளவு ஏழையானாலும் நமக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்ற நினைப்பு. ஜார்ஜியா ஆளுநர் ஜோசப் பிரவுன் 1860 டிசம்பரில் இதை வெளிப்படையாகவே எழுதினார். இங்கே ஏழை வெள்ளைத் தொழிலாளிக்கும் மரியாதை இருக்கிறது, ஏனென்றால் அவன் வெள்ளை இனம் என்கிற ஒரே மேட்டுக்குடியைச் சேர்ந்தவன் என்பது அவர் வாதம். சாதி பார்த்து வளர்ந்த சமூகத்துக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இவற்றோடு வேறு காரணங்களும் கலந்திருந்தன. தங்கள் ஊருக்குள் படை வந்துவிட்டது என்பது ஒன்று. ஊர்ப் பையன்கள் எல்லோரும் போகும்போது நான் மட்டும் எப்படி நிற்பது என்ற கூச்சம் இன்னொன்று. 1862 ஏப்ரலுக்குப் பிறகு கட்டாய ஆள்சேர்ப்பே வந்துவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில், இருபது அடிமைகள் உள்ள தோட்டத்துக்கு ஒரு வெள்ளை ஆணுக்குப் படையிலிருந்து விலக்கு என்று சட்டம் போட்டார்கள். ஏழைகள் கொதித்துப்போனார்கள். பணக்காரன் சண்டைக்கு ஏழை அடிபடுகிறான் என்ற பேச்சு பரவியது. மிசிசிப்பியின் ஜோன்ஸ் கவுண்டியில் நியூட்டன் நைட் என்ற விவசாயி, படையிலிருந்து ஓடிவந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு கூட்டமைப்பையே எதிர்த்துச் சண்டை போட்டார். கிழக்கு டென்னசி மலைப்பகுதி தொடக்கத்திலிருந்தே ஒன்றியத்தின் பக்கம்.

அப்படியென்றால் வடக்கத்திச் சிப்பாய்கள் கறுப்பர்கள் மேல் இருந்த அக்கறையில் போனார்களா?

சிலர் போனார்கள், அடிமை ஒழிப்பு இயக்கத்தில் ஊறியவர்கள். பெரும்பாலோர் அப்படி அல்ல. தேர்தலில் தோற்றவன் நாட்டையே உடைத்துக்கொண்டு போகலாம் என்றால் மக்களாட்சி எதற்கு என்பது பலருடைய ஆத்திரம். கொடியைச் சுட்டுவிட்டார்களே என்ற கோபமும் இருந்தது. சேர்ந்தால் கிடைக்கும் ரொக்கமும் இழுத்தது. 1848 புரட்சி தோற்று ஜெர்மனியிலிருந்து ஓடிவந்தவர்களில் சிலருக்கு இது பழைய போராட்டத்தின் தொடர்ச்சி.

வடக்கிலும் இனவெறிக்குக் குறைவில்லை. லிங்கனின் சொந்த மாநிலமான இல்லினாய், கறுப்பர்கள் குடியேறக் கூடாது என்று 1853இல் சட்டம் வைத்திருந்தது. அடிமை முறை மேற்கே பரவக் கூடாது என்றவர்களில் பலர், அந்த நிலம் வெள்ளைக்காரருக்கே வேண்டும் என்ற எண்ணத்தில் சொன்னவர்கள். 1863 ஜூலையில் கட்டாய ஆள்சேர்ப்பை எதிர்த்து நியூயார்க்கில் கலவரம் வெடித்தது. 300 டாலர் கட்டினால் பணக்காரருக்கு விலக்கு. அந்தக் கோபம் யார்மேல் பாய்ந்தது? கறுப்பர்கள்மேல். இருநூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருந்த கறுப்பின அநாதை இல்லத்தைக் கொளுத்தினார்கள். குழந்தைகள் பின்வாசல் வழியாகத் தப்பினார்கள்.

நாட்டைக் காக்கும் போர் எப்போது அடிமை ஒழிப்புப் போராக மாறியது?

கிளர்ச்சிப் பகுதிகளின் அடிமைகள் இனி சுதந்திரமானவர்கள் என்று லிங்கன் விடுதலைப் பிரகடனம் போட்ட 1863 ஜனவரி 1 என்று பாடநூல்கள் தேதி சொல்லும். என்னைக் கேட்டால் 1861 மே 23 இரவு என்பேன்.

வர்ஜீனியாவில் மன்றோ கோட்டை மட்டும் ஒன்றியத்தின் கையில் இருந்தது. எதிர்க்கரையில் கூட்டமைப்புப் படை பீரங்கி மேடை கட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மண் சுமந்த அடிமைகளில் மூன்று பேர், ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லோரி, ஜேம்ஸ் டவுன்சென்ட், அன்று இரவு படகில் ஏறி கோட்டைக்கு வந்துவிட்டார்கள். வர்ஜீனியா மக்கள் விலகலுக்கு வாக்களித்ததும் அதே நாளில்தான். மறுநாள் வெள்ளைக் கொடியோடு ஒரு தெற்கு அதிகாரி வந்து, சட்டப்படி எங்கள் அடிமைகளைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டார். கோட்டைத் தளபதி பெஞ்சமின் பட்லர் தொழிலால் வக்கீல், அடிமை ஒழிப்புக்காரரும் அல்ல. அவர் மடக்கினார்: நீங்கள் தனி நாடு என்கிறீர்கள், அந்நிய நாட்டுக்கு எங்கள் சட்டம் எப்படிப் பொருந்தும்? அடிமை சொத்து என்றால், எதிரி போருக்குப் பயன்படுத்தும் சொத்து இது. பறிமுதல் செய்கிறேன்.

செய்தி பரவியது. அடுத்த சில நாட்களில் குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தார்கள். ஆகஸ்டில் நாடாளுமன்றம் இதையே சட்டமாக்க வேண்டியதாயிற்று. 1619இல் வர்ஜீனியாவுக்கு முதல் ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவந்து இறக்கியதும் அந்தக் கோட்டை நிற்கும் கரையில்தான். வாஷிங்டனில் இருந்தவர்கள் நோக்கத்தை மாற்றும் முன்பே, ஓடிவந்தவர்கள் போரின் போக்கை மாற்றிவிட்டார்கள்.

விடுதலைப் பிரகடனம் ஒருவரையும் விடுவிக்கவில்லையாமே? லிங்கனே "ஒரு அடிமையையும் விடுவிக்காமல் நாட்டைக் காக்க முடிந்தால் காப்பேன்" என்றாராமே?

இரண்டுமே அரைகுறை உண்மை. அந்தக் கடிதம் நிஜம். 1862 ஆகஸ்ட் 22 அன்று பத்திரிகை ஆசிரியர் ஹொரேஸ் கிரீலிக்கு எழுதியது. யாரையும் விடுவிக்காமல் காக்க முடிந்தாலும் செய்வேன், எல்லோரையும் விடுவித்துத்தான் காக்க முடியும் என்றாலும் செய்வேன் என்று இரண்டையும் சொல்கிறார். அதை எழுதும்போது பிரகடனத்தின் வரைவு தயாராக இருந்தது. ஒரு மாதம் முன்பே அமைச்சரவையில் படித்துக் காட்டிவிட்டு, போரில் ஒரு வெற்றி வரட்டும் என்று காத்திருந்தார். தயங்கும் வெள்ளை வாக்காளரை முன்கூட்டியே பழக்கப்படுத்தும் வேலை அந்தக் கடிதம்.

பிரகடனம், கிளர்ச்சி செய்யும் பகுதிகளுக்கு மட்டும்தான். டென்னசி முழுக்கவும், லூசியானா, வர்ஜீனியாவில் சில பகுதிகளும் விலக்கு. போர்க்காலத் தளபதி என்ற அதிகாரத்தில் போட்டதால் எதிரியின் சொத்தைத்தான் தொட முடியும். ஆனால் ஒருவரும் விடுதலையாகவில்லை என்பது தப்பு. தென் கரோலினா கடலோரத் தீவுகள் போல ஏற்கெனவே கைப்பற்றிய இடங்களில் ஆயிரக்கணக்கானோர் அன்றே விடுதலையானார்கள். அப்புறம் படை முன்னேற முன்னேற விடுதலையும் கூடவே நகர்ந்தது. கறுப்பர்களைப் படையில் சேர்க்கவும் அதுதான் வழி திறந்தது.

கறுப்பின வீரர்கள் எதற்காகச் சேர்ந்தார்கள்? விடுதலைக்குத்தானே?

விடுதலைக்கு, குடும்பத்தை மீட்க, குடிமகன் என்று காட்ட. தரைப்படையில் மட்டும் சுமார் 1,80,000 பேர். பிடிபட்டால் கைதியாக நடத்துவார்களா, கொல்வார்களா, விற்பார்களா என்பது தெரியாமலே போனார்கள்.

ஆனால் ஒன்றியம் அவர்களை எப்படி நடத்தியது? வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். கறுப்பினச் சிப்பாய்க்கு 10 டாலர், அதிலும் உடைக்கு 3 டாலர் பிடித்தம். கறுப்பின வீரர்களைக் கொண்ட மாசசூசெட்ஸ் 54ஆம் படைப்பிரிவு சம்பளத்தையே வாங்கமாட்டோம் என்றது. வித்தியாசத்தை மாநில அரசே போட்டுத் தருகிறோம் என்றபோதும் மறுத்தது. பணம் அல்ல பிரச்சினை. அந்தப் பிரிவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹென்றி கூடிங் 1863 செப்டம்பரில் லிங்கனுக்கே எழுதினார்: நாங்கள் சிப்பாய்களா, கூலிகளா? 1864 ஜூனில் நாடாளுமன்றம் சம்பளத்தைச் சமமாக்கியது. அப்போது கூடிங் தெற்கிடம் பிடிபட்டு, கூட்டமைப்பின் ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் இருந்தார். அடுத்த மாதம் அங்கேயே இறந்தார்.

அடிமை முறை இருந்த சில மாநிலங்கள் வடக்கோடு நின்றனவே, அது எப்படி?

டெலவேர், மேரிலாந்து, கென்டக்கி, மிசௌரி. அடிமைகள் குறைவு, வியாபாரம் வடக்கோடு, நடுவே ராணுவ அழுத்தமும். இவற்றை இழந்துவிடுவோமோ என்ற பயம்தான் லிங்கனின் ஆரம்பகால நிதானத்துக்குப் பெரிய காரணம்.

டெலவேரில் இருந்தது 1,800 அடிமைகளுக்கும் குறைவு. காசு தருகிறோம், விடுவித்துவிடுங்கள் என்று லிங்கன் கேட்டுப் பார்த்தார். மாட்டேன் என்றது. அடிமை முறையை ஒழித்த 13ஆவது திருத்தம் 1865 டிசம்பரில் நாடு முழுக்க நடைமுறைக்கு வந்தபோதுதான் அங்கே முடிவு வந்தது. அந்தத் திருத்தத்தை டெலவேர் ஏற்றுக்கொண்டது 1901இல். கென்டக்கி 1976இல்!

தெற்கின் தளபதி ராபர்ட் லீ அடிமை முறையை வெறுத்தவராமே?

1856இல் ஒரு கடிதத்தில் அதைத் தீமை என்று எழுதியிருக்கிறார். அதே கடிதத்தில், கறுப்பர்களுக்கு இந்தக் கடுமையான பயிற்சி தேவை, எப்போது முடியும் என்பதைக் கடவுள் பார்த்துக்கொள்வார் என்றும் எழுதியிருக்கிறார். மாமனார் விட்டுச்சென்ற அடிமைகளை ஐந்தாண்டுக்குள் விடுவிக்க உயிலில் இருந்தது. கெடு முடியும்வரை வேலை வாங்கினார். சொந்த மாநிலம் வர்ஜீனியாவுக்கு எதிராக வாளெடுக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம். ஜார்ஜ் தாமஸும் வர்ஜீனியாக்காரர்தான். அவர் ஒன்றியத்துக்கே தளபதியாக நின்றார்.

பருத்திக்காக இங்கிலாந்து தெற்குக்கு உதவியிருக்க வேண்டுமே? நம் நாட்டுக்கும் இதில் தொடர்பு உண்டா?

தெற்கு அதைத்தான் நம்பியது. லங்காஷயர் ஆலைகளுக்கு முக்கால் பங்குக்கு மேல் பருத்தி அங்கிருந்துதான். வரத்து நின்றதும் ஆலைகள் மூடின, தொழிலாளிகள் பட்டினி கிடந்தார்கள். ஆனாலும் மான்செஸ்டர் தொழிலாளர்கள் 1862 கடைசி நாளில் கூடி லிங்கனுக்கு ஆதரவுக் கடிதம் அனுப்பினார்கள். எல்லா ஊரிலும் இதே மனநிலை இருந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் பிரகடனம் வந்த பிறகு, அடிமை முறைக்காகச் சண்டை போடும் நாட்டை அங்கீகரிப்பது லண்டனுக்குக் கஷ்டமாகிவிட்டது. கடைசிவரை அங்கீகரிக்கவில்லை.

பற்றாக்குறையால் இந்தியப் பருத்தியின் விலை ஏறியது. பம்பாயில் பணம் கொட்டியது, பங்குச் சூதாட்டம் தலைவிரித்தாடியது. 1865இல் போர் முடிந்ததும் எல்லாம் சரிந்தது. இன்னொரு சுவையான செய்தி: இங்கிலாந்தில் கட்டிய கூட்டமைப்பின் அலபாமா என்ற போர்க்கப்பல், வடக்கின் வணிகக் கப்பல்களை வேட்டையாடிக்கொண்டே 1864 ஜனவரியில் திருவனந்தபுரத்துக்குப் பக்கத்திலுள்ள அஞ்சுதெங்குவரை வந்து, பிடித்த கைதிகளை அங்கே இறக்கிவிட்டுப் போனது.

இவ்வளவு தெளிவாக எழுதி வைத்திருந்தால், "மாநில உரிமை" கதை எங்கிருந்து வந்தது?

தோற்ற பிறகு. மூலைக்கல் என்று பேசிய அதே ஸ்டீஃபன்ஸ், போர் முடிந்ததும் இரண்டு பாகங்களாகப் புத்தகம் எழுதி, சண்டை அரசியல் சாசனத் தத்துவத்தைப் பற்றியது என்றார். கூட்டமைப்பின் அதிபர் ஜெஃபர்சன் டேவிஸும் அதே வழியில் எழுதினார். 1894இல் தொடங்கிய கூட்டமைப்பு மகளிர் சங்கம் பாடநூல்களைக் கண்காணித்தது, சிலைகளை நட்டது. அந்தச் சிலைகளில் பெரும்பாலானவை போர் முடிந்து முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்து, கறுப்பர்களின் வாக்குரிமையைப் பறித்த காலத்தில் வைத்தவை.

கடைசியாக ஒன்று சார். கறுப்பர்களே தெற்குப் படையில் ஆயிரக்கணக்கில் இருந்தார்களாமே?

இருந்தார்கள், சமையல்காரராக, எசமானின் குதிரையைப் பார்ப்பவராக, மண் வெட்டுபவராக. மன்றோ கோட்டைக்கு ஓடிவந்த அந்த மூன்று பேர் போல. அவர்களைச் சிப்பாய் என்று எண்ணுவது கணக்கு அல்ல.

1864 தொடக்கத்தில் கூட்டமைப்புத் தளபதி பேட்ரிக் கிளெபர்ன், அடிமைகளுக்கு விடுதலை கொடுத்துப் படையில் சேர்க்கலாம் என்று யோசனை சொன்னார். அதிபர் டேவிஸ் அதை அமுக்கிவிட்டார். 1865 ஜனவரியில் ஜார்ஜியாவைச் சேர்ந்த இன்னொரு கூட்டமைப்புத் தளபதி ஹவல் காப், அடிமைகள் நல்ல சிப்பாய்கள் ஆவார்கள் என்றால் அடிமை முறை பற்றிய நம் கொள்கையே தப்பு என்று எழுதினார். வேறு வழியே இல்லாமல் மார்ச் 13 அன்று சட்டம் போட்டார்கள். கூட்டமைப்பின் தலைநகர் ரிச்மண்டில் சின்னஞ்சிறு அணிகளாகச் சிலருக்குப் பயிற்சி தொடங்கியது. மூன்று வாரம்கூட ஆகவில்லை, நகரம் விழுந்தது. ஏப்ரல் 3 காலையில் முதலில் உள்ளே நுழைந்த ஒன்றியப் படைகளில் கறுப்பினப் படைப்பிரிவுகளும் இருந்தன.